ராகியில் கழுத்து கருகுது: சூடோமோனஸை எந்த நாளில், எவ்வளவு?

பாலக்கோடு மானாவாரி

வணக்கம்ங்க. ஆடிப்பட்டத்துக்கு 2 ஏக்கர் ராகி. ஒரு ஏக்கர் மானாவாரி, நேரடி வரிசை விதைப்பு, நடுவில் அவரை. இன்னொரு ஏக்கர் கிணற்றுப் பாசனம், நாற்று விட்டு நடவு. செம்மண், சரளை கலந்தது. விதை சொந்தக் களத்து விதைதான். போன போகத்தில் கதிருக்குக் கீழே ஒரு அங்குலம் இரண்டு அங்குலம் கறுத்து, கதிர் பாதி சாவி (மணி பிடிக்காத பதர்). அதே வயலின் விதை என்பதால்தான் கேட்கிறேன்.

கையில் இருப்பது சூடோமோனஸ் புளோரசன்ஸ் (பயிர் நோயை அடக்கும் பாக்டீரியா), டால்க் பவுடர், 2 கிலோ. தயாரித்து 3 மாதம் ஆகிவிட்டது.

1. விதைக்குக் கார்பன்டசிம் பூஞ்சை மருந்து போடலாமா, சூடோமோனஸ் போடலாமா, இரண்டுமா?
2. 2 கிலோ 2 ஏக்கருக்குப் போதுமா?
3. வெல்லம் போட்டு டிரம்மில் பெருக்கிக்கொள்ளலாம் என்கிறார்களே, சரிதானா?
4. இலையில் தெளிப்பது எந்த நாளில்?

காவேரிப்பட்டணம் விதை

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதை, நடவுக்கு 2 கிலோ, ஆக 6 கிலோ. கிலோவுக்கு 10 கிராம் என்றால் விதைநேர்த்திக்கு 60 கிராம்தான் செலவு. மண்ணில் இடுவது எக்டருக்கு இரண்டரை கிலோ, அதாவது ஏக்கருக்கு 1 கிலோ. அதை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து இட வேண்டும். 2 ஏக்கருக்கு 2 கிலோ அங்கேயே போய்விடும். தெளிப்பு 0.2 சதவீதம்: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 400 கிராம். இரண்டு தெளிப்பு, இரண்டு ஏக்கர், 1 கிலோ 600 கிராம். மொத்தம் 3 கிலோ 660 கிராம் வருகிறது. உங்களிடம் இருக்கும் 2 கிலோ பாதி வேலைக்குத்தான்.

ஆனால் இப்போதே போய் மீதியை வாங்கி வைக்காதீர்கள். தெளிப்பு இன்னும் 60 நாளுக்கு மேல் தள்ளி இருக்கிறது. டால்க்கில் இருக்கும் சூடோமோனஸ் தடித்த உறை கொண்ட வித்து (ஸ்போர்) உண்டாக்காத பாக்டீரியா, சாதாரண அறை வெப்பத்தில் 3, 4 மாதம்தான் எண்ணிக்கை தாங்கும். இப்போது இருப்பதை விதைக்கும் மண்ணுக்கும் முடித்துவிட்டு, தெளிப்புக்கு அந்த வாரம் புதுப் பாக்கெட் வாங்குங்கள். தகரக் கொட்டகையில் யூரியா மூட்டைமேல் வைத்திருந்த பாக்கெட் என்றால் தேதி பார்ப்பதே வீண்.

விதை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. கழுத்து கருகிய வயலின் விதையை எடுக்காமல் இருப்பதே நல்லது. ஜிபியு 28 போல, இப்படிக் கழுத்தைக் கருக்கும் குலை நோயைத் தாங்கும் ரகம் கிடைத்தால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அந்த விதைதான் வழி என்றால் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, மிதக்கும் சாவியையும் அரைகுறை மணியையும் வழித்து எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை நன்றாக நிழலில் உலர்த்துங்கள். பிறகு கிலோவுக்கு 2 கிராம் கார்பன்டசிம் உலர் நேர்த்தி. 24 மணி நேரம் விட்டு, விதைக்கிற அன்றைக்கு சூடோமோனஸ். இந்த வரிசை மாறக் கூடாது. கார்பன்டசிம் பூஞ்சைக்கு எதிரான மருந்து, பாக்டீரியாவை அது பெரிதாகத் தொடுவதில்லை. டிரைக்கோடெர்மா என்றால் கதை வேறு, அதுவே பூஞ்சை என்பதால் கார்பன்டசிம்மோடு சேர்க்கவே கூடாது.

ஒட்டுவதற்கு ஆறிய வடிகஞ்சி. ராகி விதை கடுகைவிடச் சிறிது. கஞ்சி கூடினால் விதை எல்லாம் புட்டு மாவு மாதிரி உருண்டுவிடும். கிலோவுக்கு 40 மில்லி தாண்டாதீர்கள். முதலில் கஞ்சியைத் தெளித்துப் பிசறி, எல்லா விதையும் லேசாக மினுங்கியதும் பவுடரைத் தூவிப் பிசறுங்கள். கோணியில் பரப்பி அரை மணி நேரம் நிழலில். தழைச்சத்து பிடிக்கும் பாக்டீரியாவான அசோஸ்பைரில்லமும் போடுவதாக இருந்தால் அதே கஞ்சியில் சேர்த்துவிடலாம், ஒன்றை ஒன்று கெடுக்காது. அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.

பென்னாகரம் லேப்

மேலே சொன்ன அளவுகள் சரி. ஏன் விதையும் மண்ணும் முக்கியம் என்பதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதைவிட்டுவிட்டு நோய் வந்த பிறகு தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார்கள்.

சூடோமோனஸின் வீடு வேர். விதையோடு போன பாக்டீரியா முளைக்கும் வேரின் மேல் பரவி, அங்கே கசியும் சர்க்கரையைத் தின்று பெருகும். அங்கிருந்து நடப்பவை மூன்று. மண்ணில் இருக்கும் இரும்பைப் பிடித்து வைக்கும் சிடரோஃபோர் என்ற பொருளைச் சுரந்து, பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் செய்கிறது. பினசின், டைஅசிட்டைல்புளோரோகுளூசினால் மாதிரி பூஞ்சையை நேராக அடக்கும் பொருள்களையும் இந்தப் பாக்டீரியாவின் சில ரகங்கள் சுரக்கும். மூன்றாவதுதான் ராகி இலைக்கும் கழுத்துக்கும் சம்பந்தப்பட்டது: வேரில் பாக்டீரியா குடியேறியதை உணர்ந்து செடி தன் எதிர்ப்பு நொதிகளைத் தயார் நிலையில் வைத்துக்கொள்கிறது. பெராக்ஸிடேஸ், கைட்டினேஸ் எல்லாம் அந்த வரிசை. இதற்குச் சில நாள் அவகாசம் தேவை. பூஞ்சை இலைக்குள் நுழைந்து கண் வடிவப் புள்ளி காட்டிய பிறகு தெளித்தால், வந்த புள்ளி போகாது. கார்பன்டசிம் மாதிரி உள்ளே ஊடுருவிப் பூஞ்சையைக் கொல்லும் வேலை இதற்கு இல்லை.

இலை மேல் அது அதிக நாள் வாழாது. வெயில், காற்று, புற ஊதாக் கதிர் எல்லாம் அதற்கு எமன். அதனால்தான் மாலை 4 மணிக்கு மேல், பனி இறங்குவதற்கு முன் தெளிக்கச் சொல்கிறோம்.

வெல்ல டிரம் கேள்விக்கு: வேண்டாம். 200 லிட்டர் கிணற்றுத் தண்ணீர், 2 கிலோ வெல்லம், ஒரு பாக்கெட் பவுடர் என்று கலக்கினால் நுரைக்கும், வாசம் வரும், ஏதோ பெருகும். பெருகுவது எது என்பதுதான் தெரியாது. தண்ணீரிலும் டிரம்மிலும் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் வெல்லத்தில் இதைவிட வேகமாகப் பெருகக்கூடியவை. சூடோமோனஸுக்குக் காற்றும் வேண்டும். மூடிய டிரம்மில் அடியில் புளிப்புதான் மிஞ்சும். பரிசோதனைக் கூடத்தில் கிங்ஸ் பி என்ற ஊட்டத்தில் வளர்க்கிறோம்: லிட்டருக்குப் பெப்டோன் 20 கிராம், கிளிசரால் 10 மில்லி, டைபொட்டாசியம் பாஸ்பேட் 1.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 1.5 கிராம். அதையும் அழுத்தக் கலனில் வேகவைத்துக் கிருமி நீக்கிய பிறகுதான் பாக்டீரியாவை விதைப்போம். வளர்த்த திரவத்தைக் கிருமி நீக்கிய டால்க் பவுடரில் கலக்கும்போது ஒரு கிலோவுக்கு 400 மில்லி, ஒட்டுவதற்கு சிஎம்சி 10 கிராம், அமிலத்தன்மையைச் சரிசெய்ய 15 கிராம் சுண்ணாம்புக் கார்பனேட். இதில் எந்தப் படியும் டிரம்மில் நடப்பதில்லை.

பாக்கெட் நல்லதா என்று பார்க்க ஒரு வழி. 1 கிராம் பவுடரை 9 மில்லி கிருமி நீக்கிய தண்ணீரில் கலக்கி, அதில் 1 மில்லியை அடுத்த 9 மில்லியில், இப்படி 5 குழாய். ஐந்தாவதில் 0.1 மில்லி எடுத்து கிங்ஸ் பி தட்டில் பரப்பி இரண்டு நாள் வைத்தால், 100 புள்ளி வந்தால் கிராமுக்கு 10 கோடி உயிர் என்று கணக்கு. நல்ல பொருளில் அதற்குக் குறையக் கூடாது. கள்ள நோட்டு பார்க்கும் நீல விளக்கை இருட்டில் தட்டின் மேல் காட்டினால் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். புளோரசன்ஸ் என்ற பெயரே அதனால்தான். பாக்கெட்டின் மேலேயே விளக்கை அடித்துப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். பவுடரில் ஒளிராது, ஊட்டத்தில் வளரும்போது சுரக்கும் நிறமிதான் ஒளிரும்.

பாலக்கோடு மானாவாரி

நன்றிங்க. மண்ணில் இடுவதை எப்போது? கடைசி உழவுக்கா, விதைத்த பிறகா? மானாவாரி நிலம் காய்ந்து கிடக்கும்.

அஞ்செட்டி மலைக்காடு

காய்ந்த மண்ணில் தூவினீங்கன்னா பவுடருக்குக் கொடுத்த காசை வெயிலுக்குக் கொடுத்த மாதிரிதான். மழை பெய்து, உழுதால் மண் கையில் பிடிபடும் பதம் வந்ததும், கடைசி உழவுக்கு முன் சாயங்காலமா தூவி உடனே மண்ணுக்குள் போக விடுங்க. நம்ம பக்கச் செம்மண்ணில் மக்குச் சத்து ரொம்பக் குறைவு, வெறும் பவுடரை மட்டும் போட்டா ஒட்டி வாழ இடமில்லை. 20 கிலோ தொழு உரம் என்பது அதற்குத்தான், கணக்குக்கு இல்லை. சூடு ஆறாத சாணி கூடாது. கையை உள்ளே விட்டா வெதுவெதுன்னு இருந்தா இன்னும் மக்கலைன்னு அர்த்தம்.

தொழு உரத்தில் கலந்து ஈரம் தெளித்து, நிழலில் கோணி போர்த்தி ஒரு வாரம் வெச்சு அப்புறம் போடலாம். ஈரம்னா பிடிச்சா உருண்டை ஆகணும், பிழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது.

நாற்றங்கால் 5 சென்ட்டுக்குத் தனியா 100 கிராம் போட்டுக்குங்க, அது தப்பாது. நடவுக்கு முன் நாற்று வேரை 10 லிட்டர் தண்ணியில 250 கிராம் கரைச்சு 20, 30 நிமிஷம் நனைச்சு வெச்சு நடுங்க. ஒரே கரைசலில் கட்டு கட்டாக நனைக்கும்போது மண் கலங்கித் தண்ணி சேறாகிடும், சேறானதும் மாத்துங்க.

காரிமங்கலம் தக்காளி

யாரும் சொல்லாத ஒன்று. ஸ்பிரேயர். நம்ம ஊரில் ஒரே ஸ்பிரேயர்தான் தக்காளிக்கும் மாமரத்துக்கும் ராகிக்கும். தக்காளிக்கோ மாங்காய்க்கோ காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடித்த டேங்கில் சூடோமோனஸை ஊற்றினால், வயலுக்குப் போவது செத்த பாக்டீரியா. தாமிரம் பாக்டீரியாவுக்கு விஷம். முன்பு ஸ்ட்ரெப்டோசைக்ளின் அடித்த டேங்கும் அப்படியே, அது பாக்டீரியா மருந்தேதான். டேங்கை மூன்று முறை கழுவுங்கள், குழாயிலும் நாசிலிலும் ஓடவிட்டுக் கழுவுங்கள். வடிகட்டியைத் திறந்து பாருங்கள், பச்சையாக ஒட்டியிருக்கும். ஊடுபயிர் அவரைக்கு ஏதாவது நோய் என்று தாமிரம் அடித்தாலும் அது ராகி இலையிலும் படியும், பத்து நாள் இடைவெளி விட்டால் பாதுகாப்பு.

தண்ணீரையும் பாருங்கள். ஒகேனக்கல் குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். வேறு வழியில்லை என்றால் வாய் அகன்ற தொட்டியில் ஒரு இரவு திறந்து வைத்து அடுத்த நாள் எடுங்கள். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

டால்க் கரையாது, நாசிலை அடைக்கும். டேங்கில் நேராகக் கொட்டாதீர்கள். 10 லிட்டர் டேங்க் என்றால் 20 கிராம், 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் என்றால் 32 கிராம். மொத்தத்துக்கான பவுடரை ஒரு பக்கெட் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, பத்து நிமிடம் விட்டு, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி அந்தத் தண்ணீரை டேங்குக்குப் பிரியுங்கள். துணியில் தங்கும் சக்கையை எறியாமல் இன்னொரு முறை அலசுங்கள், பாக்டீரியா அதிலும் ஒட்டியிருக்கும். ராகி இலையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழும், ஒட்டு திரவம் லிட்டருக்கு அரை மில்லி சேருங்கள். சலவைத் தூள் போடக் கூடாது.

காவேரிப்பட்டணம் விதை

தெளிப்பு நாள் பற்றிக் கேட்டதற்கு யாரும் நேராகச் சொல்லவில்லை. நாள் கணக்கைவிடக் கதிரைப் பாருங்கள். 110 நாள் ரகத்தில் 60 நாளுக்கு மேல் கதிர் தலை காட்டத் தொடங்கும், ஆனால் மானாவாரியில் மழை தள்ளினால் கதிரும் தள்ளும். வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முதல் கதிர் வெளிவரும்போது முதல் தெளிப்பு. பத்து நாள் கழித்து இரண்டாவது. ராகியில் தாய்ப் பயிரின் கதிரும், அடியில் கிளைக்கும் தூரின் கதிரும் ஒரே நாளில் வராது. முதல் தெளிப்புக்குப் பிறகு வெளிவரும் கழுத்துக்கு இரண்டாவது தெளிப்புதான் காப்பு. ஒரே தெளிப்போடு நிறுத்துபவர்களுக்குத் தூர்க் கதிர்தான் முதலில் கருகும்.

ஆடியில் விதைத்தால் கதிர் வரும் நாள் புரட்டாசி, ஐப்பசித் தூறலில் போய் நிற்கும். வானம் மூடி, விடியற்காலையில் இலை நனைந்தே கிடந்து, 25 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால் குலை நோய்க்கு அதுதான் தருணம். அப்படி நாலைந்து நாள் தொடர்ந்தால் பாக்டீரியாவை மட்டும் நம்புவது என் கருத்தில் தவறு. இலையில் ஏற்கெனவே நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு என்று கண் வடிவப் புள்ளிகள் இருந்தால் ஏக்கருக்குக் கார்பன்டசிம் 200 கிராம், 200 லிட்டரில். ஒரு வாரம் விட்டு சூடோமோனஸ். இயற்கை விவசாயம் செய்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம், கருகிய கழுத்தில் பால் பிடிக்காது.

யூரியாவைக் கட்டுப்படுத்துங்கள். மானாவாரிக்கு எக்டருக்கு 40 கிலோ தழைச்சத்துதான் பரிந்துரை. ஏக்கருக்கு 35 கிலோ யூரியா, அதற்கு மேல் வேண்டாம். கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும் ராகியைத்தான் இந்தப் பூஞ்சைக்கு முதலில் பிடிக்கும்.

ஊத்தங்கரை தூர்

கழுத்து கறுத்ததா, வெண்கதிரா என்பதையும் பிரித்துப் பாருங்கள் அண்ணா. வெளிறிய கதிரைப் பிடித்து இழுத்தால் கையோடு உருவிக்கொண்டு வந்து, அடியில் அரித்த தடமும் கழிவும் இருந்தால் அது இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான் புழு. குலை நோயில் கதிர் உருவாது, கறுத்த இடத்தில் ஒடியும். புழுவுக்கு சூடோமோனஸ் அடித்துவிட்டு “பாக்டீரியா வேலை செய்யல” என்று எழுதுபவர்கள் இங்கே நிறைய.

இன்னொன்று, வயலின் நடுவில் ஐந்து வரிசையை நேர்த்தி செய்யாத விதையில், தெளிக்காமல் விட்டுவிடுங்கள். அறுப்புக்கு முன் இரண்டு பக்கமும் 100 கதிர் எண்ணி எத்தனைக் கழுத்து கறுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரப்போரக் கதிரை எண்ணக் கூடாது, ராகி போலவே கதிர் விடும் காட்டுப் புல் வரப்பில் இருந்தால் அங்கே நோய் எப்போதும் கூடுதல். அந்தப் புல்லை முதலிலேயே பிடுங்கிவிடுங்கள்.

தளி ரோடு

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைக் குளிரில் சம்பா கோதுமை ஒரு கால் ஏக்கர் போட்டுப் பார்க்க எண்ணம். இதே பாக்டீரியா கோதுமைக்கும் ஆகுமா? வெளிநாட்டில் கோதுமையில்தான் இதை ஆராய்ந்ததாகச் சொல்கிறார்களே.

பென்னாகரம் லேப்

ஆமாம், அங்கே கதை வேரில் தொடங்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோதுமை வேரைக் கறுப்பாக்கி அழிக்கும் டேக் ஆல் என்ற நோய், ஒரே நிலத்தில் தொடர்ந்து கோதுமை போட்டால் முதலில் கடுமையாகி, சில ஆண்டுகளில் தானே அடங்கிவிடும். அந்த மண்ணில் டைஅசிட்டைல்புளோரோகுளூசினால் சுரக்கும் சூடோமோனஸ் பெருகியிருந்ததுதான் காரணம் என்று கண்டார்கள். வேரின் ஒரு கிராமுக்குச் சுமார் 1 லட்சம் இருந்தால்தான் நோய் அடங்கியது. அதற்குக் கீழே பலனில்லை. எண்ணிக்கை எண்ணிக்கை என்று நான் மேலே சொன்னது இதனால்தான். ஸ்வீடனில் செரால் என்ற பெயரில் கோதுமை விதைக்கென்றே சூடோமோனஸ் குளோரோராபிஸ் விற்பனைக்கு வந்தது. அது விதையோடு வரும் பூஞ்சைக்கு.

நம்மிடம் கோதுமைக்கு முதல் எதிரி துரு நோய். நீலகிரி, பழனி மலைகளில் தண்டுத் துருவும் இலைத் துருவும் ஆண்டு முழுவதும் உயிரோடு இருந்து அங்கிருந்து வடக்கே பரவும் என்பது பழைய கண்டுபிடிப்பு. துருவுக்கு சூடோமோனஸ் மருந்தல்ல. நீலகிரி வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையத்தின் எச்டபிள்யூ 1098 மாதிரி துருவைத் தாங்கும் சம்பா ரகம் பிடியுங்கள், கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனஸ் வேர் நோய்க்குத் துணையாக இருக்கட்டும்.

ராகிக் குலை நோயும், 2016-இல் வங்கதேசக் கோதுமையை அழித்த குலை நோயும் ஒரே பூஞ்சை இனம்தான், பைரிகுலேரியா. ஆனால் ராகியில் வரும் கிளை வேறு, கோதுமையில் வரும் கிளை வேறு. பக்கத்து ராகி வயலைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பாலக்கோடு மானாவாரி

ஒரு கடைசி கேள்வி. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா கடையில் கிடைக்கிறது, வித்து உண்டாக்கும், அதிக நாள் தாங்கும் என்கிறார்கள். தெளிப்புக்கு அதையே வாங்கிவிடலாமா? உடைத்த பாக்கெட்டில் மீந்ததை என்ன செய்வது?

காரிமங்கலம் தக்காளி

பேசில்லஸ் தாங்கும், உண்மை. வெயிலையும் கொட்டகைச் சூட்டையும் வித்து சமாளிக்கும். ஆனால் ராகிக் குலை நோய்க்கு அளவு, நாள் எல்லாம் வகுத்துக் கொடுத்திருப்பது சூடோமோனஸுக்கு. விதைக்கும் மண்ணுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். தெளிப்புக்குப் பேசில்லஸ் பார்க்க ஆசை என்றால் அந்த ஐந்து வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு ஐந்து வரிசையில் லேபிள் அளவில் அடித்துப் பாருங்கள்.

உடைத்த பாக்கெட்டைக் கட்டிச் சேமித்து வைக்காதீர்கள், ஈரம் ஏறி வேறு ஏதாவது வளரும். மீந்ததை அன்றைக்கே தொழு உரத்தில் கலந்து அவரை வரிசையின் அடியில், ஈரம் இருக்கும்போது போட்டுவிடுங்கள்.